பருப்புக்கறியோடு ஒரு பேணி வைன்

சம்மந்தி,

இன்று நத்தார், பாலன் பிறந்த நாள். காலையில் எல்லாரும் பூசைக்குப் போனபிறகு உங்கள் சாடியின் வாய்த்துணியை அவிழ்த்தேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று குசினியில் அடுப்பு மூலையில் குந்திக்கொண்டு, கயிற்றைக் கழற்றி, துணியை விலக்கி மூக்கை வைத்தேன். முதலில் நாவற்பழ மணம் வந்தது. உங்கள் கொட்டில், உங்கள் சீலைத் தலைப்பு, நீங்கள் குனிந்து சாடிக்குள் எட்டிப் பார்க்கிற விதம் எல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டன. அதற்குப் பின்னால், நீங்கள் நம்பமாட்டீர்கள், மஞ்சள் மணமும் வந்தது. சட்டென்று முகத்தை எடுத்துவிட்டேன்.

ஏனென்று சொல்லுகிறேன். ஆவணியில் வைன் போடவென்று சாடியை எடுத்தபோது அதை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு எடுக்கிற பாத்திரம் எதுவானாலும் எங்களுக்கு மஞ்சள் தண்ணீர்தான். பொங்கல் பானையென்றாலும் சரி, கலியாணக் கிடாரம் என்றாலும் சரி. கை தன் பாட்டில் செய்துவிட்டது. நீங்கள் வெந்நீரில் அலசி வெயிலில் கவிழ்த்து வைப்பதை வருசா வருசம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பார்த்து என்ன பிரயோசனம்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உங்கள் வைனில் புளிப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு மெல்ல வரும். இதில் புளிப்புக்குப் பின்னால் சாம்பார் வந்தது. வேறு எப்படிச் சொல்ல. சாடியைத் தூக்கிக்கொண்டு வாழையடிக்குப் போனேன், யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிட்டு, இந்த வருசம் சரிவரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீங்கள் தையில் கண்ணை மூடினீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒருநாள்கூட எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. உங்கள் மகன் யூட் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போய்விடுகிறான். உங்கள் தமையனார் தன் கொட்டிலில் தனி அடுப்பு மூட்டிக்கொள்கிறார். என் மகள் கலா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கறிச்சட்டியோடு ஓடுகிறாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டையென்றால் நான் எல்லாரையும் நாக்காலேயே வெளுத்து வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். சேர்ந்து உட்கார்ந்தால் நீங்கள் இல்லாத இடம் பளிச்சென்று தெரியும், அதுதான் அவரவர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். போன மாதம் யூட், நாயாற்றுக் கரைக்கே திரும்பிப் போய்க் கடல் தொழில் பார்க்கலாமா என்று கேட்டான். அவன் போனால் கலாவும் போவாள். பிறகு நானும் உங்கள் அண்ணரும் ஆளுக்கொரு மூலையில் அடுப்பு ஊதிக்கொண்டு கிடப்போம். இன்றைக்கு எல்லாரையும் ஒரு பாயில் உட்காரவைக்க எனக்கிருந்த ஒரே சாட்டு உங்கள் வைன். அதையும் நான் இப்படிச் செய்து வைத்திருக்கிறேன்.

வாழையடியில் சாடியைச் சரிக்கப் போனபோது நீங்கள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அடிமண்டி கொஞ்சத்தை நான் வாழைக்கு ஊற்றப் போனபோது சொன்னீர்கள்: "ஊத்திறதெண்டால் ஆரின்ரையாவது வாய்க்க ஊத்துங்கோ சம்மந்தி. வாழைக்கு என்ன கவலை இருக்கு?" சாடியைத் திரும்பவும் குசினிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

நீங்கள் எங்கள் விசுவமடுவுக்கு வந்த நாளிலும் உங்கள் மடியில் இந்தச் சாடிதான் இருந்தது. சண்டைக்குப் பயந்து முல்லைத்தீவுக் கரை முழுக்க எழும்பி வந்த காலம். நாயாற்றிலிருந்து உழவு மெசின் பெட்டியில் வந்து இறங்கினீர்கள். ஒரு வலைக் கட்டு, ஒரு மாதா சுரூபம், இந்தச் சாடி. மகன் தோளில் ஒரு அரிசிச் சாக்கு. அண்ணர் நெஞ்சோடு சேர்த்து ஒரு சாரத் துணிப் பொட்டலம் பிடித்திருந்தார், குழந்தைப்பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. பிறகுதான் தெரிந்தது, அதற்குள் இருந்தது நீளக் காம்பு வைத்த ஒற்றைக் கண்ணாடிக் கிளாஸ் என்று. கப்பலில் குசினி வேலை செய்த காலத்தில் கிடைத்ததாம். சனம் சட்டி பானையை விட்டுவிட்டு ஓடி வந்த நேரத்தில் அந்த மனிசன் கிளாஸைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து ஊரே அவரைக் கப்பல் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கியது.

எங்கள் காணியின் ஓரத்தில், நாவல் மரத்தடியில் கொட்டில் போடச் சொன்னேன். நாங்களும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து, காடு வெட்டி, மிளகாய் நட்டுக் குடியிருந்தவர்கள்தானே. வந்தவர்களை ஏன் வந்தீர்கள் என்று எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் பாம்பு கடித்துப் போய்ச் சில வருசம் ஆகியிருந்தது. உங்கள் வீட்டுக்காரரைக் கடல் வைத்துக்கொண்டது என்று சொன்னீர்கள். அதற்குமேல் நான் கேட்கவுமில்லை, நீங்கள் சொல்லவுமில்லை.

நாவற்பழம் எனக்கு அப்போது தொல்லை. விழுந்து, நசிந்து, முற்றமெல்லாம் ஊதாவாகி, ஈ மொய்க்கும். விடிய எழும்பி விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுவேன். ஒருநாள் நீங்கள் வந்து நின்றீர்கள். "அக்கா, உதுகளைக் கூட்டி எறியிறியளே, நான் எடுக்கட்டே?" எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேலை மிச்சம் என்றேன். நீங்கள் பழத்தைக் கழுவிப் பிசைந்து சாடியில் போட்டு, சீனி எங்கே கிடைக்கிறது அந்த நாளில், பனங்கட்டியைத் தட்டிப் போட்டீர்கள். அதுவரை சரி. பிறகு அப்பத்துக்கு விடுகிற மாதிரி ஒரு சிரட்டைக் கள்ளை எடுத்து ஊற்றினீர்கள் பாருங்கள், நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"என் காணிக்குள்ள குடி கூடாது. வேணும்னா கொட்டிலைக் கழட்டிக்கிட்டு வேற இடம் பாருங்க," என்றேன்.

வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அப்படிச் சொல்லிவிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். சொன்னேன். லயத்தில் சம்பள நாளில் எங்கள் அப்பா வீடு வரும் முன்னமே அவருடைய வாடை வந்துவிடும். அம்மா எங்களை அள்ளிக்கொண்டு கொழுந்துச் செடிகளுக்குள் போய் ஒளிவாள். அந்த வாடை இருக்கிற இடத்தில் என்னால் நிற்க முடியாது. நீங்கள் கடைசிவரை கேட்டுவிட்டு, "இது நத்தாருக்கு அக்கா. எங்கட வீட்டில ஒரு பேணி, எல்லாருமாய்ச் சேர்ந்து. அவ்வளவுதான். உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டால் அண்டைக்கே கொட்டிலைக் கழட்டிறன்," என்றீர்கள்.

நத்தார் வந்தது. சாடியைத் திறந்து ஒரு தகரப் பேணியில் கொஞ்சம் வார்த்துக்கொண்டு வந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பினேன். "குடிக்கச் சொல்லேல்லை. ஒருக்கா மணந்து பாருங்கோ." மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிந்தேன். அது அப்பாவின் வாடை இல்லை, சம்மந்தி. என் முற்றத்து மணம். நான் தினம் கூட்டித் தள்ளிய பழம் நல்ல உடுப்பு உடுத்து வந்து நின்ற மாதிரி இருந்தது. குடிக்கவில்லை. ஆனால் கொட்டிலைக் கழற்றச் சொல்லவும் இல்லை.

அந்த நத்தார் சாப்பாட்டைத்தான் நினைத்து நினைத்துச் சிரிப்பேன். உங்களிடம் இருந்தது அவித்த மரவள்ளிக்கிழங்கும் ஒரு சம்பலும். கப்பல் அண்ணை கிளாஸைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிரசங்கம் தொடங்கினார். மீனுக்கு வெள்ளை வைன், இறைச்சிக்குச் சிவப்பு வைன், இனிப்பு வைன் கடைசியில், மாறிக் கொடுத்தால் வெள்ளைக்காரன் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்று. நீங்கள் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே கேட்டீர்கள்.

"இஞ்ச மீனுமில்லை, இறைச்சியுமில்லை. உது சிவப்புமில்லை, ஊதா. ஊதாவுக்கு என்ன அண்ணை?"

அவர் உண்மையாகவே யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டு, "ஊதா கப்பலில இல்லை," என்றார்.

"அப்ப மரவள்ளிக்கிழங்குதான்," என்று அவர் கையில் ஒரு துண்டை வைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "வயித்தில ஏதாவது இருக்கவேணும். பக்கத்தில ஆராவது இருக்கவேணும். வைனுக்கு வேற சட்டமில்லை அக்கா." அதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யூட்டுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. கடற்காரப் பிள்ளை. மிளகாய்த் தோட்டத்தில் வாய்க்கால் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றச் சொன்னால், அணையை உடைத்து மொத்தத் தோட்டத்தையும் குளமாக்கிவிடுவான். கலா சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுக்க இத்தனை நேரம் எடுக்கிறதே என்று நான் எட்டிப் பார்த்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. எங்கள் ஆட்கள் 'வேதக்காரர்' என்றார்கள். உங்கள் ஆட்கள் 'தோட்டக்காட்டார்' என்றார்கள். பிள்ளைகள் இரண்டும் வாயைத் திறக்காமல் ஒரே பிடியாக நின்றன. கடைசியில் எல்லாரும் இறங்கி வந்தார்கள். உங்கள் மாதா கோயிலில் தாலி, எங்கள் முற்றத்தில் சாப்பாடு என்று முடிவானது. அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரம், சாப்பாட்டில் வந்து முட்டியது.

எங்கள் கலியாண வீட்டில் மரக்கறிதான். அதில் நான் அசையமாட்டேன் என்றேன். உங்கள் வழக்கத்தில் கேக் வெட்டி, சம்மந்திகள் இருவரும் ஒருவருக்கொருவர் வைன் கொடுக்கவேணும். குடி வைக்கிற பந்தியில் உட்காரமாட்டோம் என்று எங்கள் பெரியவர்கள் துண்டை உதறினார்கள். இறைச்சி இல்லாத பந்தியில் வைன் வைத்தால் குடும்ப மானம் போய்விடும் என்று கப்பல் அண்ணை துள்ளினார். கலா அழுது அழுது முகம் வீங்கிப் போனாள். கலியாணத்துக்கு முதல்நாள்வரை இதுதான் கதை. இந்தக் கலியாணம் நடக்காது, நின்றுபோகும் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் பிள்ளை கண் முன்னாலேயே ஒடிந்துவிடப் போகிறாள் என்று பயந்தேன்.

நீங்கள் மட்டும் எல்லாருக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். "சமையுங்கோ. சமைச்சால் சாப்பிடுவினம்."

கலியாணத்தன்று நான் குசினிக்குள் சோறு வடித்துக்கொண்டு நின்றேன். தாலி இழந்தவள் மங்கலப் பந்தலில் முன்னுக்கு வரக்கூடாது. எனக்கு அதில் வருத்தம்கூட இல்லை, பழகிப்போன விசயம். பந்தலில் ரவைக் கேக்கை வெட்டியாயிற்று. பொம்பிளையின் தாய் எங்கே என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. நீங்கள் குசினிக்குள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர், முதல்தரமாக "சம்மந்தி, வாங்கோ," என்றீர்கள்.

"நான் வரக் கூடாதுங்க."

"ஆர் சொன்னது?"

"வழக்கம்."

"வழக்கம் இஞ்ச குசினிக்க நிண்டு சோறு வடிக்கட்டும். நீங்கள் வாங்கோ."

என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தல் நடுவில் நிறுத்தினீர்கள். ஈரக் கை, கரி பட்ட சீலை. எல்லாச் சனமும் பார்க்கிறது. கப்பல் அண்ணை அந்த நீளக் காம்புக் கிளாஸில் ஊதா வைனை வார்த்து உங்களிடம் தந்தார். நீங்கள் என் முன்னால் நீட்டினீர்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையால் தருகிறீர்கள், மங்கலக் காரியம், எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இது தீர்த்தம்தான் என்று என் புத்திக்குப் பட்டது. இடக்கையை அடியில் கொடுத்து, வலக்கையைக் குழித்து, உங்கள் முன்னால் குனிந்து நீட்டினேன்.

உங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று வாயைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் பிழை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. கையை எடுக்கவும் முடியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை, சம்மந்தி. கிளாஸைச் சரித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், பூசாரி விடுகிற மாதிரி என் உள்ளங்கையில் விட்டீர்கள். நான் குடித்தேன். மிச்ச ஈரத்தை வழக்கம்போலத் தலையில் துடைத்தேன். உடனே நீங்கள் கிளாஸை என் கையில் தந்துவிட்டு, உங்கள் கையைக் குழித்து என் முன்னால் குனிந்தீர்கள். நானும் விட்டேன். எனக்குச் சரித்துப் பழக்கமில்லை, நீங்கள் கலியாணத்துக்கு உடுத்த சீலை முழுக்கச் சிந்தியது. நீங்களும் குடித்துவிட்டுத் தலையில் துடைத்துக்கொண்டீர்கள்.

எங்கள் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, துண்டை உதறியவர்களே முதலில் வந்து கையைக் குழித்து நீட்டினார்கள். தீர்த்தத்தை யார் வேண்டாம் என்பது. கப்பல் அண்ணை வரிசையில் வந்து ஒவ்வொரு கையிலும் கரண்டியால் விட்டுக்கொண்டு போனார். முகம் அவித்த பாகற்காய் மாதிரி. அந்தக் கையோடு எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். வாழையிலையில் சோறு, பருப்புக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, பாயாசம். பக்கத்தில் பேணியில் வைன். வடையை வைனில் தோய்த்துச் சாப்பிட்ட ஒரு கிழவரையும் கண்டேன்.

"பருப்புக்கறியோட வைன். கப்பலில எண்டால் என்னைத் தூக்கிக் கடலில எறிஞ்சிருப்பாங்கள்," என்று கப்பல் அண்ணை உங்களிடம் முறைப்பட்டார்.

"இது கப்பலில்லை அண்ணை. கலியாண வீடு. உமக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டே?" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வைனில் பழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் மிளகாய் ஆய்ந்து முடித்துவிட்டு, கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நீங்களும் நானும் உட்காருவோம். ஆளுக்கு அரைப் பேணி. என்ன இருக்கிறதோ அதோடு. வறுத்த கச்சான் கடலை, முதல்நாள் ரொட்டி, ஒருநாள் சுட்ட கருவாடு, ஒருநாள் வெறும் பச்சை மாங்காயும் உப்பும். செவ்வாயும் வெள்ளியும் நான் தொடமாட்டேன் என்றதற்கு, "அண்ணருக்குக் கப்பல் சட்டம், உங்களுக்குக் கிழமைச் சட்டம். நடுவில நான் அகப்பட்டுப் போனன்," என்று அலுத்துக்கொண்டீர்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமையில் ஒருநாளும் எனக்கு முன்னால் சாடியைத் திறந்ததில்லை. என் வீட்டுக்காரர் எப்படி இருப்பார் என்று நீங்கள் கேட்டதும் அந்தக் கிணற்றுக்கட்டில்தான். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் சொல்லத் தொடங்கி, மாடு பட்டிக்கு வந்து கத்துகிற வரைக்கும் சொன்னேன். நீங்கள் கச்சான் உடைத்து உடைத்து என் கையில் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களைக் காய்ச்சல் பிடித்தது போன மார்கழியில். வன்னியில் காய்ச்சல் வராத வீடு எது என்று நாங்கள் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள், இருந்த மருந்தைக் கொடுத்தார்கள், இல்லாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள். தையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கோயில் சுவாமி வந்து, போகிற உயிருக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசிவிட்டுப் போனார். யூட் கொட்டிலுக்கு வெளியே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வரவில்லை.

அன்று மத்தியானம் நான் கஞ்சி கொண்டுவந்தேன். இரண்டு வாய் குடித்தீர்கள். பிறகு, "சாடியில மிச்சமிருக்கே?" என்று கேட்டீர்கள். கஞ்சியோட வைனா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், இத்தனை வருசம் சொல்லியும் இவளுக்கு ஏறவில்லையே என்கிற பார்வை. நான் போய் அடியில் இருந்ததை வடித்துப் பேணியில் கொண்டுவந்தேன். கரண்டியை உங்கள் வாய்க்குக் கொண்டுபோனேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. மெல்லக் கையை எடுத்து, இடக்கையை அடியில் கொடுத்து, வலக்கையைக் குழித்து நீட்டினீர்கள். அந்த நிலையிலும் கண்ணில் ஒரு பகிடி இருந்தது. நான் விட்டேன். நாக்கை நனைத்துக்கொண்டீர்கள். மிச்ச ஈரத்தைத் தலையில் துடைக்கவேணும். நீங்கள் உங்கள் தலையில் துடைக்கவில்லை. என்னைக் குனியச் சொல்லி, என் உச்சியில் துடைத்தீர்கள்.

"இது உங்கட பங்கு," என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "பிள்ளையளைப் பக்கத்தில வச்சிருங்கோ சம்மந்தி."

எங்கள் வழக்கத்தில் போகிற ஆளின் வாயில் பால் விடுவோம். உங்களுக்கு நான் விட்டது வைன். அது சரியா பிழையா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

பக்கத்தில் வைத்திருக்கத்தான் நான் இந்த வருசம் முழுக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தேன். ஆவணியில் நாவற்பழம் விழத் தொடங்கியபோது, விளக்குமாற்றை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியை எடுத்துவந்து பொறுக்கினேன். குடி கூடாது என்று விளக்குமாற்றோடு ஓடி வந்தவள், கள்ளுத் தவறணை வாசலில் சிரட்டையோடு நிற்பதை நீங்கள் பார்த்திருக்கவேணும்.

இனி இன்றைய கதை. பூசை முடிந்து வந்தார்கள். நான் எங்கள் வீட்டுக்குள் நீளப் பாயை விரித்து, இலை போட்டுவிட்டேன். கப்பல் அண்ணை தன் கொட்டிலில் பொரித்த கோழியைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு நின்றார், உட்காரவில்லை. யூட் பொரித்த மீனைக் குசினிக்குள் வைத்துவிட்டு வந்து, பழக்கம்போலத் தட்டைக் கையில் எடுத்தான். மரத்தடிக்குப் போவதற்கு வாசலில் ஒரு கால் வைத்துவிட்டான். நான் அவசரமாகக் கப்பல் அண்ணையின் கிளாஸில் வைனை வார்த்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணந்தார். புருவம் மேலே போனது. ஒரு வாய் குடித்தார். கலா என் முகத்தைப் பார்க்கிறாள், நான் நிலத்தைப் பார்க்கிறேன்.

"இதுக்க என்ன போட்டியள்?"

"சாடியை மஞ்சள் தண்ணில கழுவிட்டேன்," என்றேன்.

அவர் பாயில் உட்கார்ந்தார். கோழியில் ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டு ஒரு வாய் குடித்தார். தலையை ஆட்டினார். "இறைச்சிக்கு வராது." மீனைக் கொண்டுவரச் சொல்லி அதோடு குடித்தார். "மீனுக்கும் வராது." பிறகு என் பருப்புக்கறியைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, ஒரு கவளம் வாயில் வைத்து, அதன்மேல் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ஊதாவுக்கு என்ன அண்ணை என்று நீங்கள் கேட்டபோது இருந்த அதே இருப்பு.

"பருப்புக்கறி," என்றார். "இதுக்குப் பருப்புக்கறிதான் சரி. கப்பலில இருந்து ஆரும் வந்து கேட்டாலும் நான் சொல்லுவன்." சொல்லி முடிக்கும்போது அவருடைய வாய் கோணிக்கொண்டு போனது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கலா சிரிக்கத் தொடங்கி, அழுது, பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

யூட் வாசலில் நின்றுவிட்டான். தட்டு கையில். முகத்தை வெளியே வைத்துக்கொண்டிருந்தான், தோள் மட்டும் அசைந்தது.

நான் கப்பல் அண்ணைக்கு முன்னால் போய், இடக்கையை அடியில் கொடுத்து வலக்கையைக் குழித்து நீட்டினேன். கலியாணத்தன்று பாகற்காய் முகத்தோடு கரண்டியால் விட்ட மனிசன், இன்று இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துச் சிந்தாமல் விட்டார். குடித்தேன். புளிப்புத்தான், மஞ்சள்தான். ஈரக் கையோடு வாசலுக்குப் போனேன். "தம்பி, குனி," என்றேன். குனிந்தான். உங்கள் மகனின் உச்சியில் கையைத் துடைத்தேன். "உங்க அம்மா எனக்குத் தந்த பங்கு. இது உனக்கு," என்றேன்.

மெல்ல நிமிர்ந்தான். பிறகு தட்டைக் கொண்டுவந்து பாயில் வைத்துவிட்டு, கப்பல் அண்ணைக்கும் கலாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தான். "மாமி, எனக்கும் கொஞ்சம் பருப்பு விடுங்கோ," என்றான்.

நாயாற்றுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளைக்குப் பேசுவானோ, தெரியாது. போனாலும், நாவற்பழம் விழுகிற மாதம் வந்து நிற்பான் என்று இப்போது எனக்கு ஒரு தைரியம் இருக்கிறது. சாடியில் இன்னும் பாதி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் அந்தப் பாயிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். கப்பல் அண்ணையின் குறட்டை தோட்டத்துக்கே கேட்கிறது. நான் கிணற்றுக்கட்டில் இருந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் கொஞ்சம் கச்சான் வைத்திருக்கிறேன். இலை எடுத்து, சட்டி கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தும் உள்ளங்கை இன்னும் ஊதாவாகத்தான் இருக்கிறது, சம்மந்தி. அந்தக் கையால்தான் எழுதுகிறேன்.